சூப்பில் விழாமல் அழு

அக்டோபர் 5, சனி

இன்று தொடங்கி இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஆண், பெண், கடற்காக்கை எதுவும் நம்பாது என்று மனப்பூர்வமாக உறுதியளிக்கிறேன். மீறி யாராவது நம்பினால் அது அவர்கள் குற்றம். என் மேல் வழக்குப் போடக்கூடாது.

கடைவாய்ப் பல் ஒன்று என்னைக் கொன்றுகொண்டிருந்தது. கன்னம் வீங்கி வீங்கி, நேற்று மாலை நான் கடற்கரைச் சாலையில் நடந்தபோது சூரியன் மறைந்துவிட்டது. மீனவர்கள் இருட்டிவிட்டதென்று வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதற்கு மேல் பொறுத்தால் அலெக்சாந்திரியாவுக்கே ஆபத்து. ஈரல் சாண்ட்விச் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் ஈனாஸ். ஐம்பது வயது இருக்கும், புருவத்தை அசைக்காமல் பேசுகிற அம்மாள். கையில் ஊசி. ஊசியா அது? கப்பலில் நங்கூரத்துக்குப் பதிலாக இறக்கலாம்.

வாயைத் திறந்தபடி எனக்குள்ளேயே முனகினேன்: "அரசே, அழலாமா?"

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. முகமூடியைக் கழற்றினார். தொண்டையை அமுக்கித் தவளைக் குரலில் சொன்னார்: "அழு. ஆனால் சூப்பில் விழாமல் அழு!"

அடடா, அடடா.

காலந்தாழ்ந்து பிறந்த பாவிகளுக்காக இதைப் பதிவு செய்கிறேன். நாங்கள் அரைக்கால் சட்டையில் திரிந்த காலத்தில் வியாழன்தோறும் மாலை தொலைக்காட்சியில் ஒரு பொம்மலாட்டம் வரும். கையை உள்ளே விட்டு ஆட்டும் துணிப்பொம்மைகள். சுல்தான் கத்தரிக்காய், அவருடைய வெங்காய மந்திரி. மந்திரி எந்தச் செய்தியோடு வந்தாலும் "அரசே, அழலாமா?" என்பார். சுல்தான் சூப் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு மேற்படி பதிலைச் சொல்வார். அந்த அரைமணி நேரத்தில் இந்த ஊரில் திருடர்கள்கூடத் திருடமாட்டார்கள். திருடப்போன வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருவார்கள்.

"யா ஸலாம்!" என்றார் டாக்டர் ஈனாஸ். கண்ணில் தண்ணீர். "நாப்பது வருஷமா இந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு வாயா தேடிட்டிருக்கேன் சார். இப்பத்தான் சரியான வாய் கிடைச்சுது."

பல்லைப் பிடுங்கியதே எனக்குத் தெரியவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் அதுவாகவே வெளியே வந்து தட்டில் உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 9, புதன்

ஒரு டாக்டர் இருந்தால் ஒன்பது பேர் இருக்கவேண்டும். அறிவியல் முறைப்படி பரிசோதனையைத் தொடங்கினேன்.

இடம்: ரம்ல் டிராம். பரிசோதனை எலி: கண்டக்டர் வக்தி. இந்த ஆளின் முகத்தைப் பார்த்தால் பால் திரியும். பயணச்சீட்டுக்குக் கையை நீட்டினான். நீட்டிய கையைப் பார்த்துக் கேட்டேன்: "அரசே, அழலாமா?"

வக்தி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். என் காதருகே குனிந்தான். தவளைக் குரல்!

"அண்ணே, இத்தனை வருஷமா என் வண்டியில வர்றீங்க. சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையேப்பா!"

அதற்குள் முன்னிருக்கையில் மீன் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி, "காவலா, கதவைச் சாத்து! பசி உள்ளே வருகிறது!" என்று சுல்தானின் அடுத்த வசனத்தை முழங்கினாள். ஓட்டுநர் பயந்துபோய் நிஜமாகவே கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு டிராம் மகிழ்ச்சி தாங்காமல் தண்டவாளத்தை விட்டு இறங்கி, கடலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. என் கால்சட்டை இன்னும் ஈரம்.

அக்டோபர் 13, ஞாயிறு

இரங்கல் பந்தலில் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக்கூடாது. ஒரு வரிசையே குலுங்கிவிட்டது. மௌத்தானவரும் சிரித்தார் என்கிறேன், என் அக்கா நம்ப மறுக்கிறாள்.

அக்டோபர் 17, வியாழன்

நகாத் அக்கா கடைக்கு வந்தாள். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாட்டு அதிபர் வந்தால்கூட உட்கார்ந்தபடியே கண்ணைச் சோதிப்பேன். அக்கா வந்தால் எழுந்துவிடுவேன். எனக்கு ஐம்பத்தேழு வயது என்பது அவளுக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

"டேய் பஹ்கத், நாளைக்குச் சாயங்காலம் முகத்தைச் சிரைச்சுட்டு வா. ஹாஸிமுக்குப் பொண்ணு கேக்கப் போறோம். அவனோட அப்பா இருந்தா அவர் பேசியிருப்பார். இப்ப நீதான் பேசணும்."

ஹாஸிம் அக்காவின் ஒரே பிள்ளை. ஏழு வயதில் தகப்பனை இழந்தான். அன்றிலிருந்து இந்தத் தாய்மாமன்தான் அவனுக்கு நீச்சல், சைக்கிள், சுல்தான் கத்தரிக்காயின் நடை மூன்றையும் கற்றுக் கொடுத்தவன். இப்போது அவன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். விடுமுறையில் வந்தவன் ஒரு மருந்துக்கடைக்கு நாள்தோறும் போய்க் கடல்வாந்தி மாத்திரை வாங்கியிருக்கிறான். கப்பல்காரனுக்கு எதற்கடா வாந்தி மாத்திரை என்று அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கே நாலாம் நாள் சந்தேகம் வந்துவிட்டது. அவள் பெயர் ரீஹாம். அப்பா மம்தூஹ், ஓய்வுபெற்ற நீதிபதி.

"இன்னொண்ணு," என்றாள் அக்கா வாசலில் திரும்பி. "அந்த வீட்டுல அந்தக் கத்தரிக்காய் பேச்சு ஒரு வார்த்தை வந்துச்சு, உன்னையும் சேர்த்து வதக்கிடுவேன்."

தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையில்.

அக்டோபர் 18, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

நீதிபதி மம்தூஹ் என்பவர் மனிதர் அல்லர், கட்டடம். தூண் போல உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை புன்னகைத்திருக்கிறார், அதையும் மேல்முறையீட்டில் ரத்து செய்துவிட்டார்கள் என்று கேள்வி. நான் தயாரித்துப் போன மூன்று பக்க உரையை அவர் பார்வையாலேயே கொளுத்தினார். நேராக ஹாஸிமைக் கேட்டார்.

"தம்பி, கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ஜின் ரூமுக்குப் போயிடுவேன் சார்."

"வீட்டுல என்ஜின் ரூம் இருக்காதே."

அமைதி. அது சாதாரண அமைதியா? சுவர்க்கடிகாரம் கூச்சப்பட்டு நின்றது. பழச்சாறில் பனிக்கட்டி கரையும் சத்தம் கேட்டது. ஹாஸிமின் காது சிவந்து, தொப்பி வைத்தால் தீப்பிடிக்கும் போலிருந்தது. ரீஹாம் கதவருகே தட்டோடு நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாழ்க்கை என் கண்ணெதிரே மூழ்குகிறது. நான் செய்ய ஒன்றுமில்லை. என்னை அறியாமல், மூச்சோடு மூச்சாகத்தான் சொன்னேன். வேண்டுமென்றே சொல்லவில்லை அக்கா, வல்லாஹி, இறைவன் மேல் ஆணை.

"அரசே, அழலாமா..."

அக்காவின் நகம் என் தொடையில் இறங்கியது.

பெரிய நாற்காலியிலிருந்து, கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு தவளைக் குரல் கேட்டது: "அழு. ஆனால் சூப்பில் விழாமல் அழு."

நீதிபதி! நீதிபதி மம்தூஹ்! எழுந்தார், கைகளை விரித்தார். அவர் மனைவி பக்கவாதம் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினாள். நாங்கள் கட்டிப்பிடித்தோம். அவர் கதவைச் சாத்தச் சொன்னார், நான் பசியைத் துரத்தினேன், இருவரும் சுல்தான் நடை நடந்து வரவேற்பறையைச் சுற்றி வந்தோம். மேல்வீட்டுக்காரர்கள் குலவை போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் என்று தெருவுக்கு இறங்கினார்கள்.

அங்கேயே சம்மதம். அங்கேயே எல்லோரும் கையேந்தி, சம்மதத்துக்கு முத்திரையாக ஃபாத்திஹா ஓதினோம். நவம்பர் 22, வெள்ளிக்கிழமை திருமண ஒப்பந்தம்.

வழியெல்லாம் அக்கா என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். வீடு வந்ததும், "சாப்பிட்டுட்டுப் போ," என்றாள். அக்கா மொழியில் அது தங்கப்பதக்கம்.

அக்டோபர் 19, சனி

கடை திறக்கவில்லை. சிரிப்பு நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

நவம்பர் 1, வெள்ளி

நான் செத்தேன். ஹாஸிம் செத்தான். சுல்தான் மட்டும் வாழ்க.

சம்பந்தி என்னைத் தனியாகச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். முயல் கறி, முலுக்கியாக் கீரைச் சூப். சூப் வைத்தாலே எங்களுக்குச் சிரிப்பு. ஒரு வசனம் அவர், ஒரு வசனம் நான் என்று ஒரு வருஷத்து நிகழ்ச்சி முழுவதையும் ஒப்பித்து முடித்தோம். இப்படி ஒரு மனிதரை இத்தனை காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தது இந்த ஊர் என்று நான் நெகிழ்ந்திருந்த நேரம், அவர் கேட்டார்:

"கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா! சூப்பில் உப்பு அதிகம் என்று சுல்தான் மந்திரியை எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். மந்திரி மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுகிறார். ஆனால் போகவில்லை, வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே சுல்தான் நிற்கிறார். நடுவில் கதவு திறந்திருக்கிறது. ஒருவர் குனிந்தால் போதும், இன்னொருவர் ஓடி வந்துவிடுவார். இருவரும் நிற்கிறார்கள். நிற்கிறார்கள். திரை விழுந்தது. அடுத்த வியாழன் அதே நேரத்தில் பருத்திச் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது எப்படி என்று ஒருவர் விளக்கினார். அவ்வளவுதான். முடிந்தது. நாட்டுக்கு அன்று விழுந்த அடி.

"சுல்தான்தான் முதல்ல குனிஞ்சிருக்கணும்," என்றார் நீதிபதி, ரொட்டியைப் பிய்த்தபடி.

என் கரண்டி விழுந்தது.

"ஐயா... நீங்க... மந்திரி கட்சியா?"

"பொறந்ததுலேருந்து."

"ஒரு சுல்தான் எப்படிங்க குனிவார்? கத்தரிக்காய்க்கு இடுப்பு ஏது?"

"வெங்காயத்துக்கு மட்டும் இடுப்பு இருக்கா?"

"உப்பை அள்ளிப் போட்டது யாரு?"

"ஊர் பார்க்கத் திட்டினது யாரு?"

"அவர் சுல்தான்!"

"அதனாலதான் சொல்றேன், அவர் குனியணும்!"

குரல் ஏறியது. முயல் எழுந்து ஓடியது. நான் தட்டை நகர்த்தினேன், அவர் உப்புச்சாடியை நகர்த்தினார். அப்புறம் திடீரென்று குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

"பஹ்கத் சார், விளையாட்டுக்குச் சொல்லல. நாளைக்கு என் பொண்ணுக்கும் உங்க பையனுக்கும் சண்டை வரும். வராம இருக்காது. அப்ப கதவுக்கு அந்தப் பக்கம் இவ நிப்பா, இந்தப் பக்கம் அவன் நிப்பான். உங்க கையில வளர்ந்த பையன். குனியறதே அவமானம்னு கத்துக்கிட்ட வீட்டுக்கு நான் எப்படிப் பொண்ணு அனுப்புறது?"

குளிர்ந்த அரிசிப் பாயசம் வந்துகொண்டிருந்தது. அதைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்தேன். என் வீரத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நவம்பர் 3, ஞாயிறு

நீதிபதி அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். "உங்க தம்பி வந்து, சுல்தான் முதல்ல குனிஞ்சிருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லலேன்னா இருபத்திரண்டாம் தேதியை மறந்துடுங்க."

"போய்ச் சொல்லுடா!" என்கிறாள் அக்கா. "துணிப்பொம்மைடா அது!"

நான் ஏன் சொல்லணும்? அந்த ஆளு என்ன, எனக்கே தீர்ப்பு எழுதுறாரா? பத்து வயசுலேருந்து சுல்தான் கட்சி நான். பள்ளிக்கூடத்துல இதுக்காகப் பல்லு உடைஞ்சிருக்கேன். இப்ப ஒரு தட்டு முயல் கறிக்காக...

முயல் கறிக்காக இல்லை என்று தெரியும். எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதினேன். தெரியும்.

நவம்பர் 8, வெள்ளி

உலக சுல்தான் கத்தரிக்காய் மாநாடு இன்று மாலை டிராம் நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக்கடையில் கூடியது. வந்த ரசிகர்கள் கடல் வரைக்கும் நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தது டாக்டர் ஈனாஸ், வக்தி, நான்.

வழக்கை முன்வைத்தேன். கண்ணீர் விட்டேன், புகைக்குழாயை இழுத்தேன். இருவரும் என் பக்கம் என்று முழு நம்பிக்கை.

"நான் மந்திரி கட்சி," என்றார் டாக்டர்.

"என்னம்மா சொல்றீங்க!"

"வாயைத் தொறந்தவுடனே கட்சி கேட்டா பல்லு பிடுங்க முடியுமா சார்? அதான் சொல்லல."

வக்தி என் கட்சி. எழுந்து என் தோளில் கை போட்டான். ஆனால் அவன் சொன்னது என்ன? "அண்ணே, நான் சுல்தான் ஆளுதான். ஆனா என் பொண்டாட்டி மந்திரி ஆளு. இருபத்தாறு வருஷமா வீட்டுல நான்தான் முதல்ல குனியறேன். கட்சி வேற, வீடு வேற."

"குனிஞ்சா வலிக்குமாப்பா?"

"மொத தடவை வலிக்கும். உங்க பல்லு மாதிரி."

மாநாடு தீர்மானம் இன்றிக் கலைந்தது.

நவம்பர் 14, வியாழன்

போதாத காலம். கப்பல் கம்பெனியிலிருந்து உத்தரவு: ஹாஸிம் பத்தொன்பதாம் தேதியே கப்பல் ஏறவேண்டும். திரும்ப ஆறு மாதம் ஆகும். ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதத்தில் நீதிபதி மனது இன்னும் இறுகிவிடும் என்று அக்கா அழுகிறாள். மாப்பிள்ளை ஊரில் இல்லாவிட்டால் அவன் சார்பில் ஒருவர் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முடிக்கலாம். சட்டம் இருக்கிறது, வழக்கமும் இருக்கிறது.

யார் உட்காருவது? தாய்மாமன்தான்.

நவம்பர் 18, திங்கள்

ஆண்டுதோறும் நவம்பரில் வரும் துடைப்பப் புயல் ஊரைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அலை கடற்கரைச் சாலையைத் தாண்டி வந்து என் கடைப் பலகையைத் தட்டி, படிப்புக் கண்ணாடி என்ன விலை என்று கேட்டது.

நனைந்துகொண்டே ஹாஸிம் வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தான். தன் சார்பில் ஒப்பந்தத்தை முடிக்க எனக்கு அதிகாரம் தருகிற பத்திரம். முத்திரை எல்லாம் போட்டு வாங்கி வந்திருக்கிறான்.

"தேவைப்படலேன்னா கிழிச்சுப் போட்டுடுங்க மாமா."

"ஏன்டா அப்படிச் சொல்றே?"

"நீங்க எனக்காக சுல்தானை விட்டுக்குடுக்க வேணாம். ஆறு மாசம் கழிச்சு வந்து நானே அவர்கிட்டப் பேசிக்கறேன். குனியறது எனக்குப் பழக்கம்தான். எங்க என்ஜின் ரூம்ல கூரை அவ்வளவு தாழ்வு."

சிரித்தான். இவனுக்கு நான் சுல்தான் நடை கற்றுக் கொடுத்தேன். குனிய இவனாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு கோப்பை தேநீர் குடித்தான், என் தலையில் முத்தமிட்டான், மழைக்குள் போய்விட்டான்.

கண்ணாடியைத் துடைத்தேன். கடைக் கண்ணாடியையும், என் கண்ணாடியையும். புயல் உள்ளே வந்துவிட்டது போல.

நவம்பர் 20, புதன்

ரீஹாம் கடைக்கு வந்தாள். மருந்துக்கடை வெள்ளை அங்கியோடு. கண் சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள், ஆனால் கண்ணைச் சோதிக்க விடவில்லை.

"மாமா, எங்கப்பாவுக்குத் தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியும். கிட்ட இருக்கறது தெரியாது. உங்களுக்கு எப்படி?"

"எனக்கு ரெண்டுமே அரைகுறைம்மா."

"நேத்து அப்பாகிட்டச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வருவாங்க, கல்யாணப் பதிவாளர் வருவார், நானும் வருவேன். நீங்க வந்தா வாங்கன்னு. உங்ககிட்டயும் அதையேதான் சொல்ல வந்தேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"வருவேன், ஆனா என் வாயிலேருந்து சம்மதம் வருமான்னு அங்க உக்காந்தப்புறம்தான் தெரியும்னார்." எழுந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அழ வைக்காதீங்க. அழுதா நான் சூப்பைப் பார்க்கமாட்டேன்."

எனக்கு இந்தப் பெண்ணை ஹாஸிமுக்கு நாலு தடவை கட்டிவைக்கத் தோன்றியது.

நவம்பர் 22, வெள்ளி

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மண்டபம். விருந்தாளிகள் அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ வரை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈனாஸ் டாக்டர் ஒரு பக்கம், வக்தி மனைவியோடு இன்னொரு பக்கம். அக்கா முகம் சுண்ணாம்பு.

நடுவில் பதிவாளர். அவருக்கு வலப்பக்கம் நீதிபதி மம்தூஹ், இடப்பக்கம் மாப்பிள்ளை சார்பில் நான். நான் ஸலாம் சொன்னேன். அவர் பதில் ஸலாம் சொன்னார், சுவரைப் பார்த்து.

"கை குடுங்க," என்றார் பதிவாளர்.

வலது கையோடு வலது கை சேர்த்தோம், கட்டைவிரலோடு கட்டைவிரல் நிமிர்த்தி. அவர் கை பனிக்கட்டி. பதிவாளர் வெள்ளைக் கைக்குட்டையை உதறி எங்கள் இரண்டு கைகளையும் மூடினார். எல்லாக் கல்யாணத்திலும் செய்வதுதான், நூறு தடவை பார்த்திருக்கிறேன். இன்று என் கை அதற்குள் இருந்தபோதுதான் பார்த்தேன்: துணிக்கு அடியில் கை. அதற்கு மேல், கட்டைவிரல்கள் நின்ற இடத்தில், ஒரு சின்ன வெள்ளைப் பொம்மைத் தலை, நிமிர்ந்து நிற்கிறது.

நீதிபதியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஐயா," என்றார் பதிவாளர். "என் மகளை..."

நீதிபதி வாயைத் திறக்கவில்லை.

பதிவாளர் மறுபடி சொன்னார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் குலவை போடத் தயாராக இருந்த வாய்கள் பாதி திறந்து நின்றன. நீதிபதி நிற்கிறார். நான் நிற்கிறேன். உட்கார்ந்துதான் இருந்தோம், ஆனாலும் நின்றோம். நடுவில் கதவு திறந்திருக்கிறது. அதே காட்சி. திரை விழப்போகிறது. அதற்குப் பிறகு ஆறு மாதம் பருத்திச் செடிக்குப் பூச்சிமருந்து. ரீஹாம் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, கைக்குட்டையைப் பார்த்தாள்.

அப்போது கைக்குட்டை குனிந்தது.

மெதுவாக, மரியாதையாக, சின்ன வெள்ளைத் தலை முன்பக்கம் சாய்ந்தது. நாற்பது வருஷமாகக் குனியாத தலை. முழுக்கக் குனிந்து, நிமிர்ந்து, இன்னொரு தடவை குனிந்தது. இந்த இரண்டாவது தடவை இரண்டு கையும் சேர்ந்து.

"கையை அசைக்காதீங்க ஹாஜி!" என்று பதிவாளர் எங்களைப் பொதுவாக அதட்டினார்.

நீதிபதியின் தோள் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே சொன்னார்: "என் மகள் ரீஹாமை... உங்கள் மருமகன் ஹாஸிமுக்கு..." குரல் உடைந்தது. பாதியில் அது தவளைக் குரலாகிவிட்டது. பதிவாளர் திகைத்துவிட்டார். நான் ஹாஸிம் சார்பில் ஏற்றுக்கொண்டேன் என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன்.

குலவை! அந்தக் குலவையில் மண்டபத்தின் கூரை கழன்று கிரேக்கத் தீவுகள் பக்கம் போய்விட்டது. பழச்சாறு வெள்ளமாகி இரண்டு சிற்றுந்துகளை அடித்துக்கொண்டு போனது. டாக்டரும் வக்தியும் சுல்தான் நடை நடந்தார்கள். மீன் பை அம்மாள் எங்கிருந்தோ வந்து கதவைச் சாத்தச் சொன்னாள். நடுக்கடலில் ஹாஸிமின் கப்பல், கேட்காமலேயே சங்கு ஊதியது.

யார் கை முதலில் குனிந்தது என்று அங்கேயே விசாரணை தொடங்கிவிட்டது. நீதிபதியின் கைதான் என்று சொன்னேன். சபையறிய, கண்ணிமைக்காமல்.

நவம்பர் 30, சனி

சம்பந்தி கடைக்கு வந்தார். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமாம். எழுத்துப் பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் என் கைதான் முதல்ல குனிஞ்சுதுன்னு சொல்லிட்டுத் திரியறீங்களாமே."

"ஆமா ஐயா. பார்த்தவங்க சொல்றாங்க."

"துணிக்கு அடியில யார் பார்த்தா?"

"அதுவும் சரிதான்."

"இருக்கட்டும்," என்றார். "அப்படியே சொல்லுங்க. மந்திரி கட்சிக்காரன், குனிஞ்சதால எனக்கு ஒண்ணும் குறையாது." பக்கத்தில் வைத்திருந்த பாத்திரத்தை மேஜையில் தள்ளினார். குளிர்ந்த அரிசிப் பாயசம். "அன்னிக்கு விட்டுட்டுப் போயிட்டீங்க."

இருவரும் ஒரே கரண்டியில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். வெளியே டிராம் போனது. ஜன்னலிலிருந்து வக்தி தவளைக் குரலில் கத்தினான். ஹாஸிமிடமிருந்து குரல்செய்தி வந்தது: ரீஹாமோடு போனில் முதல் சண்டையாம், காரணமே ஞாபகம் இல்லையாம், சரியாகிவிட்டதாம். யார் முதலில் குனிந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்கிற வயதைக் கடந்துவிட்டேன்.

இந்த நோட்டில் உள்ள எதையும் நம்பவேண்டாம். டிராம் கடலுக்குப் போகவில்லை, முயல் ஓடவில்லை, கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் உண்மை. முதலில் குனிந்தது என் கட்டைவிரல்.